கட்டைக் கணக்கும் கட்டணச் சாவடியும்

மலேசியத் தமிழரின் பேச்சில் தொலைவைக் குறிக்க 'கட்டை' என்னும் சொல் வழங்கி வருகிறது. தமிழகத்திலிருந்து புதிதாக வருபவர் இதனைக் கேட்டுத் திகைப்பதுண்டு. அங்கே கட்டை என்றால் விறகு. இங்கேயோ அது மைல். சாலையோரத்தில் நடப்பட்ட மைல்கல்லை மலாய்க்காரர் கல் என்னும் பொருளில் 'பத்து' என்றனர். தமிழ்த் தொழிலாளரோ அதனைக் கட்டை என்றனர். 'ஏழாங்கட்டைத் தோட்டம்', 'பத்தாங்கட்டைக் கடை' என்றெல்லாம் ஊருக்குப் பெயரே அதனால் அமைந்தது. மைல் போய்க் கிலோமீட்டர் வந்த பின்னரும் கட்டை போகவில்லை.

தமிழருக்கு வழியளக்கும் கல் புதியதன்று. தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவற்றாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று எழுத்தில் கூறுவதோடு அமையாது, எழுத்தறியாதாரும் அறியும் பொருட்டு இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் தாங்கி நிற்கிறது. வழிநடப்பவனுக்கு வழி சொல்வது அரசின் கடமை என்று கருதிய காலத்தின் சான்று அது. அத்தகைய மரபில் வந்தோர் கடல்கடந்து வந்து, பிறர் வகுத்த சாலைக்குக் கல்லுடைத்து, அச்சாலையின் கல்லுக்குத் தம் மொழியில் ஒரு பெயரையும் இட்டனர். கோல சிலாங்கூரையும் வட சிலாங்கூர்த் தோட்டங்களையும் ஊடறுத்துச் செல்லும் சாலைகளின் வரலாறு, அங்ஙனம் பெயரிட்டவர்களின் வரலாறாகவும் இருக்கிறது.

இவ்வட்டாரத்தின் முதற்சாலை ஆறே ஆகும். சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் எழுந்து நிற்கும் மெலாவாத்திக் குன்று, ஆற்றின் வாயிலைக் காவல் செய்யவே கோட்டையாயிற்று. 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். மறு ஆண்டிலேயே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். ஆற்றின் வாயை எவர் ஆண்டாரோ அவர் உள்நாட்டின் ஈயத்துக்கும் பிற விளைபொருளுக்கும் வரி கொண்டார். 1867 முதல் 1874 வரை சிலாங்கூரை உலுக்கிய உள்நாட்டுப் போரிலும் ஆற்று வாயில்களே பெரும் பரிசுப் பொருளாயிருந்தன. சுங்கச்சாவடி என்பது விரைவுச்சாலையோடு பிறந்ததன்று. அது ஆற்றோடு பிறந்தது.

1874இல் ஆங்கில ஆலோசகர் ஆட்சி சிலாங்கூரில் கால்கொண்டது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியது. இருப்புப் பாதைக்கும் அரசாங்கச் சாலைக்கும் ஆள் வேண்டியிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து, அதிலும் தமிழ் மாவட்டங்களிலிருந்து, தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்தது போலவே பொதுப்பணித் துறைக்கும் இரயில்வேக்கும் ஆள் கொண்டுவரப்பட்டனர். தோட்டத் தமிழரைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்குச் சாலைத் தமிழரைப் பற்றி எழுதப்படவில்லை. கருங்கல்லைச் சம்மட்டியால் உடைத்தல், உடைத்த கல்லைக் கூடையில் சுமந்து பரப்புதல், செம்மண்ணை இட்டு நிரவுதல், மழை அரித்த ஓரங்களைச் செப்பனிடுதல் ஆகிய அனைத்தும் கைவேலைகளாயிருந்தன. ஆண்டு முழுதும் மழை பெய்யும் சதுப்பு நிலத்தில் ஒருமுறை போட்ட சாலை போட்டவாறே கிடப்பதில்லை. ஆதலின் சாலைக்கூலி என்பவர் சாலையோடு நிலையாக வாழ்ந்த ஓரினமாகவே ஆயினர். நீர் வடியக் கால்வாய் வெட்டாமல் இந்நிலத்தில் ஒரு முழ நீளச் சாலையும் நிலைபெறாது. கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூரையும், அப்பால் தஞ்சோங் காராங், சபாக் பெர்ணத்தையும் தொட்டுச் செல்லும் மேற்குக் கரைச் சாலை, இந்நாளில் கூட்டரசுச் சாலை 5 என எண்ணிடப்பட்டிருப்பது, அவ்வாறு நீரோடு போராடிப் பெற்ற சாலையாகும்.

சாலை எங்கே சென்றதோ அங்கே தோட்டம் சென்றது. சிற்சில இடங்களில் தோட்டம் முந்திக்கொண்டு சாலையை இழுத்தது. முதலில் காப்பி, பிறகு இரப்பர், அதன் பின் செம்பனை என்று பயிர் மாறியது. பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோகோனியே 1905இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில் தோட்டம் அமைத்தார். ஆற்றின் நீண்ட நேர்ப்போக்கு என்பதே அப்பெயரின் பொருள். ஆறே அன்று அவருக்குச் சாலை. 1911இல் அங்குச் செம்பனை நடப்பட்டது. 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் வாணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்டது. மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. உலகச் சந்தையில் நாட்டுக்குப் பெயர் ஈட்டித் தந்த பயிர் தொடங்கிய இடத்துக்குத் தமிழ்ச்சொல்லே பெயராய் அமைந்ததை அறிந்தோர் மிகச் சிலர். செம்பனை வளர்ந்த தோட்டத்துக்குத் தென்னையின் பெயர் என்பது ஒரு முரண். ஆயினும் அம்முரணிலும் ஓர் இனிமை உண்டு. ஃபோகோனியே பின்னாளில் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசினைப் பெற்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்று 1908இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட டி வகைக் கார் அமெரிக்கச் சாலைகளை நிறைத்தபோது, அதன் சக்கரங்களுக்கு வேண்டிய இரப்பர் மலாயாவிலிருந்து சென்றது. கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்வெட்டிய கைகள் உலகத்தைச் சக்கரத்தின்மேல் ஏற்றின. வெட்டியவர்களோ பெரட்டுக் களத்துக்கும் மலைக்காட்டுக்கும் கால்நடையாகவே சென்றனர். அவர்தம் பேரர்கள் இன்று கட்டணச் சாவடிக்கு முன்னே வரிசையில் நிற்கும் வண்டிகளில் அமர்ந்திருக்கின்றனர் என்றால், அது இரப்பர் திரும்பி வந்த கதை என்றே கொள்ளலாம்.

அக்காலத்தில் இருவகைச் சாலைகள் இருந்தன என்பதை மறத்தலாகாது. ஒன்று, தோட்ட மக்கள் 'சடக்கு' என்று வழங்கிய அரசாங்கச் சாலை. மற்றொன்று, அச்சடக்கிலிருந்து பிரிந்து தோட்டத்துக்குள் செல்லும் செம்மண் சாலை. முன்னது எல்லார்க்கும் உரியது. பின்னது துரைக்கு உரியது. தோட்டத்து வாயிலில் ஒரு தடுப்புக்கட்டை இருக்கும். அதனைத் தாண்டி உறவினர் வரவேண்டுமானாலும் இசைவு வேண்டும். கல்யாணத்துக்கு வந்த மாமனும் சாவுக்கு வந்த சித்தப்பனும் அத்துமீறி நுழைந்தவராகக் கருதப்படக்கூடிய நிலை இருந்தது. உள்ளே சாலை இருந்தது. சாலையில் நடக்கும் உரிமைதான் இல்லை.

இதனை வெறும் கற்பனையாகக் கொள்ளுதல் வேண்டா. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தம் மலேசிய இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் தலையாயது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் பன்னிரண்டு கோரிக்கைகளை முன்வைத்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு சாலையைப் பற்றிய கோரிக்கைகள் இரண்டும் அப்பட்டியலில் இடம்பெற்றன. உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது ஒன்று. வெள்ளைத் துரையோ தோட்டத்து ஆசிய அலுவலரோ எதிரே வந்தால், சைக்கிளில் செல்லும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது மற்றொன்று.

பல்லாண்டு உழைத்துச் சேர்த்த காசில் ஒரு தொழிலாளி சைக்கிள் வாங்குகிறான். அதில் ஏறி அமர்ந்து, தன் கையால் நிரவிய செம்மண் சாலையில் செல்கிறான். எதிரே கிராணி வருகிறார். அவன் இறங்க வேண்டும். அவர் கடந்து போகும்வரை வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்க வேண்டும். பிறகு ஏறிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு எத்தனை முறை இறங்கியிருப்பான்! கூலி உயர்வைக் கேட்கும் வாயாலேயே அவர்கள் இதனையும் கேட்டனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பசியைவிட இறங்கி நிற்றல் சுட்டது போலும். 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். சைக்கிளில் அமர்ந்தவாறே செல்லும் உரிமைக்கு அத்துணை விலை கேட்கப்பட்டது.

அடுத்த ஆண்டு துரைமாரே அச்சாலைகளில் ஓட நேர்ந்தது. 1942 ஜனவரித் தொடக்கத்தில் சப்பானியப் படையினர் கடல்வழியே கோல சிலாங்கூரில் இறங்கி, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் முன்னேறினர். ஆங்கிலேயப் படைக்குப் பின்புறத்தில் புகுந்து ரவாங்கை எட்டக்கூடிய வழி அது. தோட்டச் சாலைகள் அங்ஙனம் ஒருமுறை போர்க்களத்தின் வரைபடத்தில் ஏறின. அதன் பின் அதே சாலைகளில் லாரிகள் வந்தன. சயாம் மரண இரயில் பாதைக்குத் தமிழர் அள்ளிச் செல்லப்பட்டனர். திரும்பாதோர் பலர்.

போருக்குப் பின் வந்த அவசரகாலத்தில் ஊரடங்கும் தடைகளும் சாலையை இரவில் ஊமையாக்கின. விடுதலை வந்தது. 1960களில் இரப்பர் விலை தளர்ந்தபோது தோட்டங்கள் செம்பனைக்கு மாறலாயின. சாலையின் தன்மையை மாற்றிய மாற்றம் இதுவே என்று கூறலாம். இரப்பர்ப் பாலை உறைய வைத்துத் தகடாக்கிப் புகையூட்டிவிட்டால் அது காத்திருக்கும். செம்பனைக் குலை காத்திராது. வெட்டிய குலையை விரைந்து ஆலைக்குச் சேர்க்காவிடில் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் குன்றும். ஆகவே வெட்டு நடக்கும் நாளெல்லாம் லாரி ஓடியாக வேண்டும். ஆலையிலிருந்து எண்ணெய் ஏற்றிய கொள்கலன் வண்டிகள் கிள்ளான் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். சுங்கை பூலோவிலிருந்து ஈஜோக், அசாம் ஜாவா வழியாகக் கோல சிலாங்கூரை அடையும் கூட்டரசுச் சாலை 54, இவ்வண்டிகளின் பாரத்தைப் பல்லாண்டு தாங்கியது. அப்போதெல்லாம் அதில் நெரிசல் என்றால் ஒரு குலை லாரிக்குப் பின்னே பத்துக் கார்கள் ஊர்ந்து செல்வதுதான்.

1980இல் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் நிறுவப்பட்டது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. நிலத்தின் மதிப்பைப் பயிரால் கணக்கிட்ட காலம் போய், நெடுஞ்சாலை நுழைவாயில் எத்தனை நிமிடத் தொலைவு என்பதால் கணக்கிடும் காலம் வந்தது. கத்ரி நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல சான்று. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தையில் ஒரு காலைப்பொழுதில் கத்ரியின் பெரும்பங்கு மலேசியாவின் கைக்கு வந்தது. இரப்பரும் செம்பனையும் விளைந்த அந்நிறுவனத்தின் தோட்டங்களை ஊடுருவி ஷா ஆலத்திலிருந்து வடக்கே செல்லும் விரைவுச்சாலை 2005இல் திறக்கப்பட்டபோது அதற்குக் கத்ரி பெயரே இடப்பட்டது. எல்மினா போன்ற தோட்டங்கள் அதன் இருமருங்கும் வீட்டு மனைகளாயின. நிறுவனமும் 2007இல் சைம் டார்பியோடு கலந்தது. சாலையில் மட்டும் பெயர் நிலைத்தது.

2011இல் லாத்தார் என்னும் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. அசாம் ஜாவா, தாமான் ரிம்பா டெம்ளர் என்னும் இரு பெயர்களின் எழுத்துகளைச் சேர்த்துச் செய்த பெயர் அது. ஏறத்தாழ 33 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை ஈஜோக் பக்கத்தை ரவாங் பக்கத்தோடு பிணைத்தது. பத்தாங் பெர்ஜுந்தை என்னும் பழம்பெயரும் அதற்குச் சற்று முன்னர், 2007இல், பெஸ்தாரி ஜெயாவாக மாறியிருந்தது. பந்திங்கிலிருந்து தைப்பிங் வரை 233 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டு, 2019 முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டு வரும் மேற்குக் கரை விரைவுச்சாலையும் இவ்வட்டாரத்தின் வழியே செல்கிறது. ஆற்று வாயிலைக் காத்த குன்றுக்கு அருகே இப்போது நெடுஞ்சாலை வாயில்கள்.

சாலைகள் இத்துணை பெருகியும் காலையில் நெரிசல் தீரவில்லை என்று மக்கள் குறைகூறுகின்றனர். சுங்கை பூலோவை நோக்கிய சாலையில் விடியற்காலையிலேயே வண்டிகள் தேங்குகின்றன. பெரும்பாலும் தேக்கம் விரைவுச்சாலையின் நடுவில் தோன்றுவதில்லை. அதில் ஏறும் இடத்திலும் அதிலிருந்து இறங்கும் இடத்திலுமே தோன்றுகிறது. காரணம் எளிது. ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகள் செல்லலாம். அவ்வெல்லையை நெருங்கியபோது பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் ஒருசேர உள்ளே புகுந்தால், முதல் வண்டி வேகத்தைக் குறைக்கிறது. பின்னுள்ளது இன்னும் குறைக்கிறது. அதற்குப் பின்னுள்ளது நின்றேவிடுகிறது. நின்ற பிறகு, ஓடும்போது கடந்த அளவு வண்டிகள்கூட அவ்விடத்தைக் கடப்பதில்லை. மடை வாயில் அடைபட்ட வாய்க்கால் போன்றது அது. இறங்குமிடத்தில் நேர்வது இதன் மறுபக்கம்: அகன்ற சாலையில் விரைந்து வந்த வண்டிகள் அனைத்தும் பழைய சாலையின் ஒடுங்கிய வாயில் விளக்குக் கம்பத்தின்முன் கூடிவிடுகின்றன.

பிற நாடுகள் இதனை முன்னரே கண்டன. அமெரிக்காவில் சிக்காகோ நகரம் 1963இலேயே நுழைவாயிலில் வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தது. மினியாப்பொலிஸ் வட்டாரத்தில் அத்தகைய விளக்குகளை மக்கள் வெறுக்கவே, 2000ஆம் ஆண்டில் சில வாரங்கள் அவற்றை அணைத்து வைத்தனர். பயண நேரம் 22 விழுக்காடு கூடியது. விபத்துகள் 26 விழுக்காடு கூடின. விளக்குகளை மீண்டும் ஏற்றினர். சாலையை அகலப்படுத்தினால் தீராதோ எனின், ஹூஸ்டன் நகரின் கேட்டி நெடுஞ்சாலை 2008இல் பக்கச் சாலைகளையும் சேர்த்து ஓரிடத்தில் 26 தடங்கள் வரை அகலப்படுத்தப்பட்டது. சில ஆண்டுகளில் மாலைப் பயணம் மீண்டும் நீண்டது. அகன்ற சாலை அதுவரை வாராதவரையும் அழைத்து வருகிறது என்பதை அந்தோணி டவுன்ஸ் என்னும் பொருளியலறிஞர் 1962இலேயே எழுதினார். ஈஜோக்கில் வீடு வாங்கியவர் விரைவுச்சாலையை நம்பியே வாங்கினார். அவரைப் போன்றே ஆயிரவர் நம்பினர்.

நுழைவாயில் வந்தவிடமெல்லாம் மக்கள் வந்தனர் என்றும் கூறுவதற்கில்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி 1990களில் எழுந்த புக்கிட் பெருந்தோங்கில், 1997ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின் வரிசை வரிசையாக வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. வாயில் இருந்தது; வேலை இல்லை. சுங்கை பூலோவிலிருந்து 2016 டிசம்பரில் ஓடத் தொடங்கிய நகர் இரயில், நெரிசலுக்கு ஓரளவு மாற்றாயிற்று. ஆயினும் தோட்டத்திலிருந்து அந்நிலையத்தை எட்டவும் வண்டி வேண்டும்.

சாலை அகலமாகும்போது அதற்கு நிலம் வேண்டும். 1960ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், எடுக்கப்படும் நிலத்தில் உரிமையுடையோர்க்கு இழப்பீடு வழங்குகிறது. உரிமையாளரின் விருப்பத்தின்பேரில் மட்டுமே குடியிருப்பவரை அச்சட்டம் உரிமையுடையோர் வரிசையில் சேர்ப்பதில்லை. இச்சட்டத்தின் ஒரு வரிக்குள் லயத்து வாழ்க்கை முழுவதும் அடங்கிவிடுகிறது. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து, மணந்து, இறந்திருப்பினும், சட்டத்தின் கண்ணில் அக்குடும்பம் வேலை உள்ளவரை தங்க இடம்பெற்ற குடும்பமே. பணிநீக்க இழப்பீடு பற்றிய 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட பணிக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் கூலி கிடைக்கும். வீடு கிடைப்பது அவ்விதியில் இல்லை. நிலம் சாலைக்குப் போனாலும் வீட்டுமனைக்குப் போனாலும் பணம் ஒரு திசையிலும், பானை சட்டியோடு குடும்பம் வேறொரு திசையிலும் சென்றன.

சாலையோரத்து முனியாண்டி கோயிலின் நிலையும் இதுவே. தோட்டத்து எல்லையில், செம்மண் சாலை சடக்கில் ஏறும் இடத்தில், காவலுக்கென்று முன்னோர் நட்ட சூலம் அது. லாரி ஓட்டுநர் நின்று கற்பூரம் ஏற்றிச் செல்லும் இடம். சாலையை விரிவாக்கும் வரைபடத்தில் அது சாலை ஒதுக்கீட்டு நிலத்தில் எழுந்த கட்டடம் என்று மட்டுமே குறிக்கப்படும். முன்னர் வந்தது கோயிலா, ஒதுக்கீடா என்னும் வழக்கு ஆவணத்தால் தீர்க்கப்படுவது. தோட்டத் தொழிலாளரிடம் ஆவணம் இருந்த வழக்கமில்லை.

பள்ளியின் கதை சற்று வேறு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குமேல் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டுமென்றது. அதனால் தோட்டத்துக்கொரு பள்ளி எழுந்தது. பிள்ளைகள் லயத்திலிருந்து நடந்து வந்தனர். இன்று தோட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் அருகிவிட்டன. பிள்ளைகள் வீடமைப்புப் பகுதிகளிலிருந்து வேனில் வருகின்றனர். நான்கு தடமாக விரிந்த சாலையின் நடுவே திட்டு எழுந்துவிட்டால், எதிரே தெரியும் பள்ளியை அடைய வேன் நெடுந்தொலைவு சென்று வளைந்து திரும்ப வேண்டும். ஆறரை மணிக்குப் புறப்பட்ட பிள்ளை, அகலப்படுத்தும் பணி நடக்கும் சாலையில் அரைத்தூக்கத்தோடு அமர்ந்திருக்கிறது. வகுப்பில் முதற்பாடம் அதன் காதில் விழவில்லையாயின் அதனைப் பிள்ளையின் குற்றமென்று கொள்ளுதல் முறையன்று.

அப்பள்ளிகளின் பெயர்கள் இன்னும் மாறவில்லை. ரிவர்சைட், சிலாங்கூர் ரிவர் என்பன ஆறு சாலையாயிருந்த காலத்தைச் சுட்டுகின்றன. கோல்ஃபீல்ட்ஸ் என்பது, 1960இல் மூடப்பட்ட பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தையும் குவாங்கிலிருந்து அதற்குப் போடப்பட்ட இருப்புப் பாதையையும் நினைவூட்டுகிறது. மேரி, மின்யாக், நைஜல் கார்டனர் என்று துரைமார் காலத்துப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிப் பலகைகளில் தமிழெழுத்தில் நிற்கின்றன. பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே தென்னமரம் தோட்டப் பள்ளியின் பலகையும் அவ்வாறே நிற்கிறது. சுற்றிலும் செம்பனை, சாலையில் குலை ஏற்றிய லாரிகள், பெயரில் மட்டும் தென்னை.